16 வருடம் கோவையில் சின்னப் படங்களுக்கு விமர்சனம் எழுதினேன், இப்போது எடுத்துப் படித்தால்...

பழைய டிக்கெட் (கோவை)

வணக்கம். போன மாதம் ஒரு கல்லூரியில் விஸ்காம் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'சுயாதீன சினிமாவும் விமர்சனமும்' என்று தலைப்பு. போவதற்கு முன்னால், நாம் என்னதான் எழுதிக் கிழித்தோம் என்று பார்த்துவிடலாமே என்று பீரோ மேலே கிடந்த ஃபைலை இறக்கினேன்.

2004லிருந்து 2020 வரை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இணைப்பில் எழுதினேன். பெரிய படங்களுக்கு ஆபீஸில் வேறு ஆள் இருந்தார். அவர் தொடாதது என்னிடம் வரும். அதாவது போஸ்டர் ஒட்டக் காசில்லாத படம், விருது வாங்கிவிட்டுத் தியேட்டர் கிடைக்காமல் நிற்கிற படம், ஃபிலிம் சொசைட்டி திரையிடல். வாரம் 350 வார்த்தை. ஆரம்பத்தில் கட்டுரைக்கு 200 ரூபாய். விளம்பரம் அதிகமாக வந்தால் 350 வார்த்தை 200 ஆகும். வெட்டுகிறவர் எப்போதும் கடைசிப் பத்தியில்தான் கத்தி வைப்பார் என்று தெரிந்த பிறகு, முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடப் பழகிக்கொண்டேன். என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான்.

சின்னப் படங்கள் பற்றி மட்டும் 63 கட்டுரைகள் தேறின. ஒரே மூச்சில் படித்தேன். சங்கடமாகப் போய்விட்டது. 23 கட்டுரைகளில் 'நல்ல முயற்சி' என்ற வார்த்தை இருக்கிறது. மற்றதில் 'வித்தியாசமான களம்', 'குறைகளை மீறி வரவேற்கலாம்', 'இயக்குநருக்கு ஒரு பூங்கொத்து'. தலைப்பை விரலால் மறைத்துக்கொண்டு படித்தால், எது எந்தப் படத்துக்கு எழுதியது என்று எனக்கே தெரியவில்லை. கேமரா எங்கே நின்றது, சத்தம் எப்படி இருந்தது, அந்த நடிகர் கையை என்ன செய்தார், ஒன்றும் இல்லை. கதைச் சுருக்கம், பாராட்டு, முடிந்தது.

அப்போது இதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். வீட்டை அடகு வைத்துப் படம் எடுத்தவரை நாம் வேறு குத்த வேண்டுமா என்ற எண்ணம். ஆனால் 'நல்ல முயற்சி' என்பது ஒரு படத்தைப் பார்க்காமலேயே எழுதக்கூடிய வார்த்தை. யோசித்துப் பாருங்கள், எந்த மசாலாப் படத்துக்காவது அப்படி எழுதுவோமா? அதைத் திட்டுவோம், சண்டைக்குப் போவோம். சின்னப் படத்துக்கு மட்டும் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவிடுவோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. படம் வெள்ளிக்கிழமை வரும். ஞாயிறு இணைப்பு புதன்கிழமையே அச்சுக்குப் போய்விடும். ஆக, இந்த வெள்ளி பார்த்த படத்தைப் பற்றி நான் எழுதுவது அடுத்த ஞாயிறுதான் வரும். அதற்குள் படம் தூக்கப்பட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். 'குற்றம் கடிதல்' 2015 செப்டம்பரில் வந்தபோது, பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவனுக்குக் கன்னத்தில் விழுந்த அறை எப்படி ஒரு ஆசிரியையின் வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிறது என்று உருகி உருகி எழுதினேன். அபூர்வமாக ஒரு வாசகர் கடிதம் வந்தது. போஸ்ட் கார்டு. ஒரே வரி: 'படம் எங்கே ஓடுகிறது என்று எழுதவில்லையே.' எங்கேயும் ஓடவில்லை என்று பதில் போட வெட்கமாக இருந்தது. அந்தக் கார்டும் ஃபைலில்தான் இருக்கிறது.

கல்லூரியில் இதையெல்லாம் பேசவில்லை. ஈரானின் கியாரோஸ்தமி, வங்காளத்தின் சத்யஜித் ரே என்று பேசிவிட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

நடுவரிசை (திருப்பூர்)

திட்டுவதற்கு என்ன இருக்கிறது அண்ணா, 23 தடவை ஒப்புக்கொண்டு விட்டீர்களே. ஆனால் ஒன்று. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் 'மதுபானக்கடை' என்று ஒரு படம் வந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. 2012ல் நான் மில்லில் ஷிஃப்ட் வேலை. முழுப் படமும் ஒரு டாஸ்மாக் பாருக்குள்ளேயே நடக்கிறது, கதை என்று ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கதை இல்லை என்றால் நமக்கான படம் என்று டிவிடி தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஆக, லேட்டானாலும் பிரயோஜனம் உண்டு.

ரீல்பெட்டி (கோவை)

தம்பி, நான் ஆபரேட்டராக இருந்தவன். ஓய்வு பெற்றாயிற்று. விமர்சனம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, படம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் ஃபிலிம் சொசைட்டிக்காரர்களுக்கு 16 எம்.எம். ஓட்டிக் கொடுத்திருக்கிறேன். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறதே, 1964ல் ஆரம்பித்தது, அங்கிருந்து சொசைட்டிகளுக்கு 16 எம்.எம். பிரதி வரும். ரயில் பார்சலில் தகரப் பெட்டி. ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஓட்டிவிட்டு மறுநாளே அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். எத்தனை ஊர் சுற்றி வந்த பிரதி என்பது கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். ஓரத் துளைகள் பிய்ந்திருக்கும், ஒட்டுப் போட்ட இடம் விரலில் தட்டும். ஓடும்போது அந்த இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அறுந்தால் விளக்கைப் போட்டு ஒட்ட வேண்டும், அதுவரைக்கும் சொசைட்டி செயலாளர் எழுந்து இயக்குநரைப் பற்றிப் பேசுவார். அவர் பேச்சுக்குப் பயந்தே நான் ஒழுங்காக ஓட்டினேன்.

அப்போது வந்தவர்கள் 30, 40 பேர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். படம் முடிந்ததும் வெளியே டீக்கடையில் ஒரு மணி நேரம் சண்டை. அந்தச் சண்டையை யாராவது எழுதி வைத்திருந்தால் அதுதான் விமர்சனம்.

மதுரைக்காரி

பழைய டிக்கெட் சாருக்கு ஒரு கேள்வி. 63 கட்டுரைகளில் பெண் இயக்குநர்கள் எடுத்த படம் எத்தனை?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் 2011ல் அனுமதி வாங்கியது. அந்தத் தீர்ப்பாயத்தையே 2021ல் எடுத்துவிட்டார்கள். இப்போது அப்படி ஒரு படம் மாட்டினால் நேராக உயர் நீதிமன்றம்தான். சின்னப் படம் எடுப்பவர் எந்தக் காசில் வக்கீல் வைப்பார்? இது விமர்சகர் எழுத வேண்டிய விஷயம் இல்லையா?

அப்புறம் 'பாரம்'. பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கியது. தலைக்கூத்தல் பற்றி, அதாவது முடியாமல் கிடக்கும் முதியவர்களை வீட்டாரே சாகடிக்கும் வழக்கம் பற்றி. 66வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம். 2020 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து கிடைத்தது ஒரே ஒரு காட்சி, இரவு 10 மணிக்கு. ஒரு பெண் தனியாகப் போய் நள்ளிரவு 12 மணிக்கு வெளியே வந்து ஆட்டோ தேட வேண்டும். நான் போகவில்லை. அந்த வாரம் கூட்டமே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கில் நானும் ஒரு காலி நாற்காலி.

சின்னப் படத்துக்கு மக்கள் வருவதில்லை என்று பொதுவாக எழுதிவிடுகிறீர்கள். எந்த நேரத்தில் போட்டார்கள் என்று எழுதுங்கள்.

பழைய டிக்கெட் (கோவை)

மூன்று. 63ல் மூன்று. எண்ணிவிட்டுத்தான் பதில் போடுகிறேன்.

'பாரம்' அந்த மூன்றில் இல்லை. பிப்ரவரி கடைசி வாரம் வந்தது, அடுத்த மாதம் ஊரே அடைத்துவிட்டது, பத்திரிகையில் இணைப்பையும் நிறுத்திவிட்டார்கள். இது சாக்கு என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே போயிருக்கலாம்.

அந்த ஊரடங்கில் நடந்த ஒன்று. அருண் கார்த்திக்கின் 'நசீர்' கோவையில் எடுத்த படம். திலீப்குமாரின் சிறுகதை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் 2020 தொடக்கத்தில் திரையிட்டு, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது வாங்கியது. துணிக்கடை விற்பனையாளர் ஒருவரின் ஒரு நாள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த ஊர்ப் படத்தை எங்கே பார்த்தேன் தெரியுமா? யூடியூபில். உலகத் திரைப்பட விழாக்கள் எல்லாம் சேர்ந்து அந்த மே, ஜூனில் இலவசமாகப் பத்து நாள் விழா நடத்தினார்கள், அதில் போட்டார்கள். மொட்டை மாடியில் செல்போனை மடியில் வைத்துப் பார்த்தேன். படம் சதுரமாக, ஓரங்கள் பழைய புகைப்படம் மாதிரி மழுங்கி இருக்கும். நசீர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கோ ஒரு ஒலிபெருக்கி பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சுக்கு அவன் தலையைத் திருப்புவதே இல்லை. பழகிவிட்டது அவனுக்கு. என்னுடைய தெருவிலும் அதே நேரத்தில் ஏதோ ஒரு ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது, ஊரடங்கு அறிவிப்பு. எது படத்துச் சத்தம், எது தெருச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. நானும் தலையைத் திருப்பவில்லை.

எழுதுவதற்குப் பத்திரிகை இல்லாதபோது பார்த்த படம் அது. எழுத எனக்கு அத்தனை இருந்ததும் அந்தப் படத்துக்குத்தான்.

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

விநியோகப் பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயம். எல்லாரும் தியேட்டர்காரரை வில்லனாக்கிவிடுகிறீர்கள்.

கோவை ஏரியா என்றால் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி. சின்னப் படத்தை இங்கே யாரும் எம்.ஜி., அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, கொடுத்து வாங்க மாட்டார்கள். தயாரிப்பாளரே சொந்த ரிலீஸ் பண்ண வேண்டும், வசூலில் பங்கு. பத்து ஸ்கிரீன் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டலில் படம் ஓட்டுவதற்கு ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் வி.பி.எஃப்., அதாவது டிஜிட்டல் பிரதிக் கட்டணம், கட்ட வேண்டும். அது கூட்டத்தைப் பார்த்து வாங்கும் காசு இல்லை. 400 பேர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் அதே தொகை. 2018 மார்ச்சில் புதுப் படமே வராமல் நின்றதே, ஏப்ரல் வரை, அந்தச் சண்டையே இதற்குத்தான். பெரிய படத்துக்கு இது கொசுக்கடி. சின்னப் படத்துக்கு முதல் நாள் வசூலே இதில் போய்விடும்.

பணம் கட்டினால்தான் கீ வரும். கீ என்றால் படத்தைத் திறக்கிற டிஜிட்டல் சாவி. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும், தயாரிப்பாளர் சென்னையில் யாரிடமோ கைமாற்று கேட்டுக்கொண்டிருப்பார். பதினொன்றரைக் காட்சி பன்னிரண்டேகாலுக்கு ஆரம்பிக்கும், இல்லை ரத்தாகும். நீங்கள் அதை 'தியேட்டரின் அலட்சியம்' என்று எழுதுவீர்கள்.

அரசு மானியம் 7 லட்சம் உண்டு, தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் அது ரிலீஸ் வாரத்தில் கைக்கு வராது. அது வருவதற்குள் அந்தத் தயாரிப்பாளர் சினிமாவை விட்டே போயிருப்பார்.

இரவு 10 மணிக் காட்சி பற்றி அந்த அம்மா சொன்னது நியாயம். காலி நேரம் எதுவோ அதைத்தான் கொடுப்பார்கள். காலைக் காட்சி, இல்லை கடைசிக் காட்சி. நானே அப்படிக் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

பழைய டிக்கெட் (கோவை)

கணக்குப்பிள்ளை சொல்வதை நேரில் பார்த்திருக்கிறேன். 'டு லெட்'. செழியன் சொந்தக் காசில் எடுத்தது. 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அறிவித்தார்கள். தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி. முதல் வாரம் ஒரு காலைக் காட்சிக்குப் போனேன். எந்தத் தியேட்டர் என்று வேண்டாம். கவுண்ட்டரில் இருந்த பையன், "சார், பத்துப் பேர் சேரணும், இல்லேன்னா ஷோ இல்லை" என்றான். நாங்கள் ஏழு பேர். ஒரு கணவன் மனைவி, இரண்டு கல்லூரிப் பசங்கள், சஃபாரி சட்டை போட்ட ஒரு பெரியவர், நான், லுங்கியில் ஒருவர். கால் மணி நேரம் நின்றோம். யாரும் வரவில்லை. அந்தப் பெரியவர் பர்ஸை எடுத்து, "இன்னும் மூணு டிக்கெட் குடுப்பா" என்றார். டிக்கெட் சுமார் 190 ரூபாய். நாங்கள் பங்கு போட்டுக்கொள்ள வந்தபோது வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

படத்தில் பின்னணி இசை கிடையாது. வாடகைக்கு வீடு தேடி அலைகிற ஒரு குடும்பம், அவ்வளவுதான். ஒவ்வொரு வீடாகப் போய், மாடிப்படி ஏறி, சாதி, தொழில் எல்லாம் விசாரிக்கப்பட்டு இறங்கி வருவார்கள். இடைவேளையில் அந்தப் பெரியவர் என்னிடம், "எங்க வீட்டு மாடி போர்ஷனுக்கு நானும் இப்படித்தான் கேட்டிருக்கேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே.

இதை நான் எழுதவில்லை. 'நடுத்தர வர்க்கத்தின் வலியை நேர்மையாகச் சொல்லும் நல்ல முயற்சி' என்று எழுதினேன். ஃபைலில் 58வது கட்டுரை.

நடுவரிசை (திருப்பூர்)

அந்தப் பெரியவருக்கு ஒரு கட்அவுட் வைக்க வேண்டும்.

நாலாவது உதவி (சென்னை)

நான் இந்த இழையைப் படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. பழைய டிக்கெட் சார், உங்கள் 23 'நல்ல முயற்சி'களில் ஒன்று என் படத்துக்கு. பெயர் வேண்டாம். ஆறு ஸ்கிரீனில் வந்து நாலாம் நாள் போன படம். மாமனார் வீட்டு நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.

அந்தக் கட்டுரையை அம்மா வெட்டி சாமி ரூமில் வைத்திருந்தார். எனக்குப் படிக்கும்போதெல்லாம் எரியும். பரீட்சையில் பெயிலான பையனுக்கு வாத்தியார் முதுகில் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஒரு வரி. நீங்கள் மறந்திருப்பீர்கள். 'பேருந்துக்குள் நடக்கும் உரையாடல் மட்டும் ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. நேரடி ஒலிப்பதிவுக்குக் காசில்லாமல் டப்பிங் தியேட்டரில் ஒரே நாளில் முடித்தோம். பஸ் சத்தத்தைத் தனியாகப் போட்டோம், குரல் அதில் ஒட்டவே இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் அடுத்த படத்தில் ஒளிப்பதிவுக் கருவிச் செலவைக் குறைத்து ஒலிக்குக் கொடுத்தேன். அந்தப் படம் எடுத்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது, வெளியே வரவில்லை, அது வேறு கதை.

அதனால் எனக்குப் பாராட்டும் வேண்டாம், பரிதாபமும் வேண்டாம். கிணறு மாதிரிக் கேட்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி

எல்லாரும் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டீர்களா? நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

முதலில் எது சுயாதீனப் படம்? 'காக்கா முட்டை'க்குப் பின்னால் தனுஷ், வெற்றிமாறன், ரிலீஸுக்கு ஃபாக்ஸ் ஸ்டார். 'மேற்குத் தொடர்ச்சி மலை' விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை. 'கூழாங்கல்' விக்னேஷ் சிவன், நயன்தாரா. 'கொட்டுக்காளி' சிவகார்த்திகேயன். பெரிய கை பின்னால் நின்றால்தான் வெளியே தெரிகிறது. அப்புறம் என்ன சுயாதீனம்?

இரண்டாவது, விழாவுக்கென்றே ஒரு ஃபார்முலா வந்துவிட்டது. வறண்ட நிலம். ஒரு ஆள் நடப்பான். நடந்துகொண்டே இருப்பான். கேமரா முதுகுக்குப் பின்னால் போகும். மியூசிக் கிடையாது. கடைசியில் ஏதோ நடக்கும், இல்லை நடக்காது. அயல்நாட்டு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மசாலாப் படத்தில் அஞ்சு பாட்டு, நாலு சண்டை என்று கிண்டல் பண்ணுகிறோமே, இதுவும் அதே மாதிரி ஒரு சமையல் குறிப்புதானே? கூழாங்கல்லுக்குப் பிறகு நான் பார்த்த குறும்படங்களில் பாதிப் பேர் நடக்கிறார்கள். ஒரு பஸ் பிடிக்கக் கூடாதா?

மதுரைக்காரி

எதிர்க்கட்சி, கூழாங்கல்லில் அவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்று கவனித்தீர்களா? பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தை அந்தப் பையன் கிழித்துப் போட்டுவிடுவான். அப்பா போய்ச் சேர்ந்தால் அம்மாவை அடிப்பார், அவனுக்கு அது பிடிக்கவில்லை. காசு இருந்தும் இல்லாமல் ஆக்கியது அவன். அந்த நடை முழுக்க அவன் எடுத்த முடிவுக்கு அவனே கட்டுகிற விலை. உடைந்த கண்ணாடித் துண்டை வெயிலில் காட்டி அப்பா முதுகில் அடிப்பானே, சண்டைக்கு அவனிடம் இருக்கிற ஆயுதம் அது ஒன்றுதான்.

கடைசியில் பெண்கள் ஊற்றில் தண்ணீர் எடுக்கிற காட்சி. நான் அரிட்டாபட்டிப் பக்கம் உறவு உள்ளவள், அந்த நிலம் எனக்குத் தெரியும். ஒரு அகப்பைத் தண்ணீர் ஊறும், மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள், மறுபடி ஊறுகிறவரை காத்திருப்பார்கள். கேமராவும் காத்திருக்கும். 75 நிமிஷப் படத்தில் அவ்வளவு நேரம் அந்தக் குழிக்குக் கொடுத்திருக்கிறார் வினோத்ராஜ். இத்தனை நேரம் அப்பனும் மகனும் கோபப்பட்டுக்கொண்டு திரிந்தது ஒரு பக்கம், இவர்கள் கோபப்படக்கூட நேரம் இல்லாமல் குந்தியிருப்பது ஒரு பக்கம். இதைப் பார்த்துவிட்டு நடை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்றால், அந்தக் குறும்படப் பசங்களும் உங்களை மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள்.

எதிர்க்கட்சி

சரி, அடி விழுந்தது. கண்ணாடித் துண்டு எனக்கு ஞாபகமே இல்லை. மறுபடி பார்க்கிறேன். சோனி லிவ்வில் இருக்கிறதா இன்னும்?

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

2023 அக்டோபரில் அதில்தான் வந்தது. பாருங்கள், 2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் டைகர் விருது, அதே வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரை, நம் வீட்டுக்கு வந்து சேர இரண்டரை வருடத்துக்கு மேல். தியேட்டருக்கு வரவே இல்லை. அதே இயக்குநரின் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தபோது, இதையெல்லாம் தியேட்டருக்குக் கொண்டு வந்திருக்கவே கூடாது என்று மேடையில் பேசினார்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பது, வந்தால் ஏன் வந்தாய் என்று கேட்பது. அதே வெள்ளிக்கிழமை 'வாழை'யும் வந்தது. இரண்டும் ஒரே நாளில் வந்ததில் எங்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் தலைவலி.

பழைய டிக்கெட் (கோவை)

எது சுயாதீனம் என்ற கேள்விக்கு என் பதில், எனக்கு அந்த வார்த்தையே சிக்கல்தான். பணம் யாருடையது என்பதைவிட, யாரிடம் கேட்காமல் கட் சொன்னார்கள் என்பதைப் பார்ப்பேன். 'மேற்குத் தொடர்ச்சி மலை'யின் கடைசி ஷாட், தன் நிலமாக இருந்த இடத்திலேயே காற்றாலைக்குக் காவல்காரனாக ரங்கசாமி உட்கார்ந்திருக்க, கேமரா மேலே போய்க்கொண்டே இருக்குமே, ஒரு வசனம் இல்லாமல். எந்த வியாபாரியும் அங்கே ஒரு வசனமாவது போடச் சொல்லியிருப்பான். லெனின் பாரதி போடவில்லை. தயாரிப்பாளர் நட்சத்திரமாக இருப்பது அங்கே எனக்கு இடைஞ்சலாகத் தெரியவில்லை.

அதே சமயம் பழைய ஆட்களை நினைத்தால் நாம் பேசுவதெல்லாம் ஒன்றுமில்லை. ஜான் ஆபிரகாம் 1977ல் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார், தமிழில். அதற்குத் திரைக்கதை எழுதியவர் வெங்கட் சாமிநாதன், அதாவது ஒரு விமர்சகர். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தேசிய விருது கிடைத்தது, தமிழ்நாட்டில் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணலாம். பிறகு அவர் கேரளத்துக்குப் போய், ஒடேசா என்று ஒரு குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் போட்டு, மக்களிடம் வசூலித்த காசில் 'அம்ம அறியான்' எடுத்தார். 1986. எனக்கு அதில் பொறாமை ஒன்றுதான்: வெ.சா. விமர்சனம் எழுதுகிறேன் என்று ஓரமாக நிற்காமல் உள்ளே இறங்கினார். நான் இறங்கவில்லை. இறங்கத் தெரியாது என்பதும் உண்மை.

நான் செய்ததில் உருப்படியானது என்று சொன்னால், பெர்க்ஸ் பள்ளி அரங்கில் கோணங்கள் ஃபிலிம் சொசைட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் போட்ட படங்களுக்கு நேரம், இடம், பஸ் நிறுத்தம் எல்லாம் போட்டு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி எழுதுவேன். திருச்சி ரோட்டில் எங்கே இறங்க வேண்டும் என்பது வரை. அதைப் பார்த்துவிட்டு நாலு பேர் வந்தார்கள் என்று தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் இருப்பேன். என் 350 வார்த்தையைப் படித்துவிட்டு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ரீல்பெட்டி (கோவை)

ஊர் ஊராகப் படம் போடுவது என்றால் நம்ம ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட்டை விட்டுவிட்டீர்களே. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905ல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு வேலையை விட்டுக் கிளம்பிவிட்டார். டெண்ட் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். அப்புறம்தான் இங்கே வந்து வெரைட்டி ஹால் கட்டினார். ரோட்டுக்கே அந்தப் பேர்தான் இன்றைக்கும். அவருக்கு விமர்சகர் கிடையாது, வி.பி.எஃப். கிடையாது. மழை மட்டும்தான் எதிரி.

மதுரைக்காரி

பெட்டிச் செய்தி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை இங்கேயே செய்யலாமே? எந்த ஊரில், எந்த ஸ்கிரீனில், எத்தனை மணிக்கு. வியாழன் இரவு டிக்கெட் திறந்ததும் பார்ப்பவர்கள் போடட்டும். மதுரையை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்து மணிக் காட்சி மட்டும் கிடைத்தால் அதையும் குறிப்பிட்டு, இரண்டு பெண்களாவது சேர்ந்து போக ஆள் தேடலாம்.

நடுவரிசை (திருப்பூர்)

திருப்பூர் நான். ஆனால் பனியன் சீசனில் கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை (ஈரோடு)

ஈரோடு போடுகிறேன். ஒரு திருத்தம்: வியாழன் இரவு போதாது. காலைக் காட்சிகள் வெள்ளி அதிகாலையில்கூட மாறும். வெள்ளி எட்டு மணிக்கு இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆளை அலைய விட்ட பாவம் வரும்.

நாலாவது உதவி (சென்னை)

பழைய டிக்கெட் சார், வெளியே வராத படம் என்றேனே. 94 நிமிஷம். லிங்க்கும் பாஸ்வேர்டும் தனிச்செய்தியில் அனுப்பட்டுமா? ஒரே நிபந்தனை, அந்த வார்த்தை வரக் கூடாது.

பழைய டிக்கெட் (கோவை)

அனுப்புங்கள். ஆனால் வரும் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும். என் ஹெட்போனில் இடது காது வேலை செய்யவில்லை, காந்திபுரத்தில் போய் வேறு வாங்கி வருகிறேன். இந்தப் படத்திலும் பஸ் காட்சி இருக்கிறதா?

நாலாவது உதவி (சென்னை)

இரண்டு இருக்கிறது.